97 வாங்கிய கேம் ஏன் சலிக்கிறது? விமர்சகர் மதிப்பெண்ணைப் படிக்க ஓர் எளிய விளக்கம்

பெருந்துறையில் இருக்கும் என் அக்கா மகன், தீபாவளிக்குக் கிடைத்த பணத்தையெல்லாம் சேர்த்துத் தன் பழைய பிளேஸ்டேஷன் 4 என்ற கேம் மெஷினுக்கு ஒரு கேம் வாங்கினான். பெயர் ‘ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2’. 2018இல் வந்தது. விமர்சகர்களிடம் நூற்றுக்கு 97 வாங்கியது. மூன்று மணி நேரம் விளையாடிவிட்டு எனக்குப் போன் செய்தான்.

“மாமா, இதற்கு யார் 97 போட்டது? ஒரே பனிமலை. குதிரை மேல் உட்கார்ந்து போய்க்கொண்டே இருக்கிறான். காசு வாங்கிக்கொண்டு போட்ட மார்க்குதானே இது?”

“இல்லை மாப்பிள்ளை” என்றேன். அவன் நம்பவில்லை. அவன் வகுப்பில் இன்னொரு கட்சியும் உண்டாம்: 90க்குக் கீழே இருந்தால் எந்தக் கேமையும் தொடுவதே இல்லை என்கிறவர்கள். அந்த எண் எங்கிருந்து வருகிறது, எதைச் சொல்கிறது, எதைச் சொல்வதில்லை என்று இரண்டு கட்சிக்கும் தெரியாது. அவனுக்குப் போனில் சொல்ல முடியாததை இங்கே பொறுமையாக எழுதுகிறேன்.

பால் சொசைட்டியும் மஞ்சள் ஏலமும்

நம் ஊரில் தரத்துக்கு எண் போடும் வழிகள் இரண்டு உண்டு.

ஒன்று பால் சொசைட்டி வழி. பாலை ஊற்றியதும் கொழுப்பு எவ்வளவு, கொழுப்பு நீங்கலான சத்து எவ்வளவு என்று கருவி சொல்லிவிடும். அதை வைத்து விலை. ஊற்றுவது யாராக இருந்தாலும், கருவிக்கு முன்னால் நிற்பது யாராக இருந்தாலும் எண் மாறக் கூடாது. இது அளவீடு.

இன்னொன்று ஈரோட்டு மஞ்சள் வழி. ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் மூட்டையிலிருந்து மாதிரி எடுத்து வைத்திருப்பார்கள். வியாபாரி வருவார், ஒரு மஞ்சள் விரலை எடுத்து ஒடிப்பார், ஒடிந்த முகத்தில் நிறம் பார்ப்பார், உள்ளங்கையில் தேய்ப்பார், ஒன்றும் பேசாமல் சீட்டில் குவிண்டாலுக்கு இவ்வளவு என்று எழுதிப் போட்டுவிட்டுப் போவார். அடுத்தவர் என்ன எழுதினார் என்று அவருக்குத் தெரியாது. மறைமுக ஏலம் என்பது இதுதான். மசாலாப் பொடிக்கு அரைப்பவர் கண் நிறத்தின் மேல் இருக்கும். சாறு எடுக்கும் ஆலைக்கு வாங்குபவர், நிறத்துக்குக் காரணமான குர்குமின் எவ்வளவு தேறும் என்று கணக்குப் போடுவார். ஒரே மாதிரிக்கு ஐந்து பேர் ஐந்து விலை எழுதுவார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. இது தீர்ப்பு.

கேம் மதிப்பெண் இரண்டாவது இனம். அதைப் பால் மெஷின் காட்டிய எண்போலப் படித்ததுதான் என் மாப்பிள்ளை செய்த தவறு. 97 என்பது அந்தக் கேமுக்குள் 97 சதவீதம் சுவை இருக்கிறது என்ற அளவீடு அல்ல. ஏறத்தாழ நூறு பேர் தனித்தனியாக எழுதிய சீட்டுகளைக் கூட்டி வகுத்த கணக்கு.

அந்தக் கணக்கு நடக்கும் விதம்

பல இடங்களில் வந்த விமர்சனங்களைச் சேர்த்து ஒரே எண்ணாக்கிக் கொடுக்கும் தளத்தைத் திரட்டி என்று வைத்துக்கொள்வோம். கேம் உலகில் பெயர்பெற்ற திரட்டி, 2001இல் தொடங்கிய மெட்டாகிரிட்டிக். அது கொடுக்கும் எண்ணுக்கு மெட்டாஸ்கோர் என்று பெயர். குறைந்தது நான்கு விமர்சனங்கள் வந்தால்தான் எண் போடுவார்கள்.

முதல் வேலை, எல்லோருடைய அளவுகோலையும் நூற்றுக்கு மாற்றுவது. என் காலத்தில் பிளஸ் டூவுக்கு 1200 மார்க், 2019 முதல் 600. இரண்டு மாணவர்களை ஒப்பிட வேண்டுமானால் இரண்டையும் சதவீதமாக்கித்தானே பார்ப்போம்? அதேபோல ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் 80 ஆகும், பத்துக்கு 8.5 என்பது 85 ஆகும். சிலர் எண்ணே போடாமல் ஏ, பி, சி என்று எழுத்தில் தருவார்கள். அங்கேதான் கொஞ்சம் இடறும். பி மைனஸ் என்று எழுதினால் மெட்டாகிரிட்டிக் அதை 67 ஆக்கிவிடும். பரவாயில்லை, நல்ல கேம்தான் என்ற எண்ணத்தில் பி மைனஸ் போட்டவர், மறுநாள் தன் பெயருக்கு நேரே 67ஐப் பார்த்தால் விழிப்பார்.

இரண்டாவது வேலை சராசரி. இது நாம் பள்ளியில் போட்ட சராசரி அல்ல, நிறையிட்ட சராசரி. எல்லோர் சொல்லுக்கும் ஒரே கனம் கொடுக்காமல், சிலர் எண்ணைக் கூடுதலாகவும் சிலர் எண்ணைக் குறைவாகவும் எடுத்துக்கொண்டு போடும் சராசரிக்கு அப்படிப் பெயர். பஞ்சாயத்தில் எல்லோரும் பேசலாம், ஆனால் சில பெரியவர்கள் பேசினால் கூட்டம் சற்று நிமிர்ந்து உட்கார்ந்து கேட்குமல்லவா, அதுபோல.

கையால் போட்டே பார்க்கலாம். நான்கு விமர்சகர்கள் 90, 80, 70, 60 போட்டதாக வையுங்கள். சாதாரண சராசரி 75. இப்போது 90 போட்டவர் சொல்லை இரண்டு பேர் சொல்லாக எண்ணுங்கள். ஐந்து எண்களின் கூட்டல் 390, சராசரி 78. மாறாக, 60 போட்டவருக்கு அந்தக் கூடுதல் கனத்தைக் கொடுத்தால் கூட்டல் 360, சராசரி 72. விமர்சனங்களில் ஓர் எழுத்துகூட மாறவில்லை, ஆறு மதிப்பெண் மாறிவிட்டது. மெட்டாகிரிட்டிக்கில் கேமுக்கு 75 முதல் பச்சை, 50 முதல் 74 வரை மஞ்சள், அதற்குக் கீழே சிவப்பு. அப்படியானால் அதே நான்கு விமர்சனம் ஒரு கணக்கில் பச்சை, இன்னொரு கணக்கில் மஞ்சள். யாருக்கு எவ்வளவு கனம் என்பதை மெட்டாகிரிட்டிக் வெளியே சொல்வதில்லை.

2015இல் வந்த ஓப்பன்கிரிட்டிக் என்ற திரட்டி இந்தக் கன விவகாரம் வேண்டாம் என்று நேர்ச் சராசரியே போடுகிறது. எனக்கு அது பிடித்திருக்கிறது. ஆனால் இரண்டிலும் ஒரே கேமைத் தேடிப் பார்த்தால் பெரும்பாலும் ஒன்றிரண்டு எண்தான் தள்ளி நிற்கும். தலைபோகும் வித்தியாசம் இல்லை.

இதுவரை பார்த்தது: மதிப்பெண் பல தீர்ப்புகளின் சராசரி. அளவுகோல்களை ஒன்றாக்கும்போது கொஞ்சம், கனம் கொடுக்கும்போது கொஞ்சம் என்று அது நகரும். ஆகவே 91க்கும் 93க்கும் நடுவே ஒரு பெரிய பள்ளம் இருப்பதாக நினைத்துச் சண்டை போட வேண்டியதில்லை.

70 எடுத்தவனுக்கு ஏன் வசவு?

பத்தாம் வகுப்பில் 35 எடுத்தால் பாஸ். கணக்குப்படி 70 என்பது அதில் இரண்டு மடங்கு. நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்தவரிடம் அதைச் சொல்லிப் பாருங்கள். 80 எடுத்தவன் வீட்டிலேயே இரண்டு நாள் யாரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். அளவுகோல் பூஜ்யத்திலிருந்து நூறுவரை இருக்கிறது, புழக்கம் மட்டும் 70க்கு மேலேதான் நடக்கிறது.

கேம் விமர்சனமும் அப்படியே. பத்துக்கு ஏழு என்றால் ‘சுமார்’ என்று படிக்கப் பழகிவிட்டார்கள். இதற்குக் காரணம் விமர்சகரின் தாராள மனம் மட்டும் அல்ல. ஒரு கேமை முடிக்க முப்பது, ஐம்பது மணி நேரம்கூட ஆகும். அவ்வளவு நேரம் செலவிட வேண்டுமானால், ஓரளவு தேறும் என்று தெரிந்ததைத்தான் ஆசிரியர் குழு எடுத்துக் கொடுக்கும். கடைகளில் குப்பையாகக் கொட்டிக் கிடக்கும் கேம்களுக்கு விமர்சனமே வராது. தேர்வு எழுத வந்தவர்களே வடிகட்டி வந்தவர்கள் என்பதால் அளவுகோலின் கீழ்ப்பாதி காலியாகக் கிடக்கிறது.

திரைப்படத்துக்கு அதே மெட்டாகிரிட்டிக் வேறு கோடு கிழித்திருக்கிறது. அங்கே 61 தொட்டாலே பச்சை. 70 வாங்கிய படம் பச்சைக் கட்டத்தில் நிற்கும், 70 வாங்கிய கேம் மஞ்சள் கட்டத்தில் நிற்கும். ஒரே தளம், ஒரே எண், இரண்டு நிறம்.

விரலிக்கு ஒரு விலை, கிழங்குக்கு ஒரு விலை

இப்போது என் மாப்பிள்ளையின் விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்பவர் இதைப் படித்தால் போதும்.

மஞ்சள் ஏலத்தில் நீண்ட விரலியையும் உருண்டைக் கிழங்கையும் ஒரே குவியலாகக் கொட்டி விலை கேட்க மாட்டார்கள். விரலிக்கு ஒரு விலை, கிழங்குக்கு ஒரு விலை. நல்ல கிழங்கா என்று கேட்டால் மற்றக் கிழங்குகளோடு ஒப்பிட்டுத்தான் சொல்வார்கள். கேமிலும் இனங்கள் உண்டு. என்ன செய்து விளையாடுகிறோம் என்பதை வைத்துப் பிரிக்கும் அந்த இனத்தை வகை என்கிறோம்: சண்டை, பந்தயம், கால்பந்து போன்ற விளையாட்டு, புதிர், கதாபாத்திரத்தை வளர்த்துச் செல்வது, பெரிய நிலப்பரப்பில் சுற்றித் திரிவது. திரட்டி இவை எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் ஏற்றி வரிசை எண் போட்டுவிடுகிறது.

அந்தப் பட்டியலின் உச்சியில் பல ஆண்டுகளாக அசையாமல் உட்கார்ந்திருப்பது 1998இல் வந்த ‘ஆக்கரினா ஆஃப் டைம்’. 99 மதிப்பெண். ஜப்பானின் ஃபாமிட்சு இதழில் ஒரு கேமுக்கு நான்கு விமர்சகர்கள் ஆளுக்குப் பத்து என்று நாற்பதுக்கு மார்க் போடுவார்கள். அங்கே முதன்முதலாக நாற்பதுக்கு நாற்பது வாங்கியதும் இதுவே. அதற்கு அடுத்த படியில் 98 வாங்கியவற்றைப் பாருங்கள். 1999இல் ட்ரீம்காஸ்ட் என்ற கேம் மெஷினுக்கு வந்த ‘சோல் காலிபர்’, ஆயுதம் ஏந்திய இருவர் மோதும் சண்டை கேம். 2000இல் வந்த ‘டோனி ஹாக்ஸ் ப்ரோ ஸ்கேட்டர் 2’, சறுக்குப் பலகையில் சாகசம் காட்டுவது. 2008இன் ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 4’, ஒரு முழு நகரத்தையே கையில் கொடுப்பது. இந்த மூன்றில் எது சிறந்தது என்ற கேள்விக்கே பொருள் இல்லை. திருப்பூரில் துணி தைக்கும் ஒரு நல்ல ஓவர்லாக் மெஷினுக்கு 98 போடுவார்கள், கோபியில் ஒரு நல்ல டிராக்டருக்கு 97 போடுவார்கள். ஒரு மார்க் கூட இருக்கிறதே என்று ஓவர்லாக்கை வயலில் இறக்கி உழுகிறவர் யாரும் இல்லை.

இதில் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு சங்கதி உண்டு. சண்டை கேம் வந்தால் ஆசிரியர் அதை யாரிடம் கொடுப்பார்? பெரும்பாலும் சண்டை கேமை விரும்பி விளையாடுகிறவரிடம். கால்பந்து கேம் கால்பந்துப் பைத்தியத்திடம் போகும். இது நியாயமும்கூட, விவரம் தெரியாதவர் எழுதி என்ன பயன்? ஆனால் இதன் விளைவாக, ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கு முன்னாலும் அச்சிடாத ஒரு வரி சேர்ந்துவிடுகிறது: ‘இந்த வகையை விரும்புகிறவருக்கு’. 2022இன் ‘எல்டன் ரிங்’ 96 வாங்கியது. அதில் ஒரே எதிரியிடம் இருபது முறை செத்துச் செத்து வழி கண்டுபிடிக்க வேண்டும், அதுதான் அதன் சுவை. 2023இன் ‘பால்டர்ஸ் கேட் 3’ வாங்கியதும் 96. அது முறைவைத்து ஆடுவது, பகடை உருளும், உரையாடல் பக்கம் பக்கமாக ஓடும், நிதானமாகப் படிக்க வேண்டும். முன்னதில் மயங்கியவர் பின்னதில் கொட்டாவி விடலாம். எண் ஒன்று, கேட்கும் பொறுமை வேறு வேறு.

‘ரெட் டெட்’ கேமில் கதை நடக்கும் ஆண்டு 1899. நாயகனுக்குத் தாடி வளரும், மழித்துக்கொள்ள வேண்டும். துப்பாக்கி அழுக்கேறினால் எண்ணெய் போட்டுத் துடைக்க வேண்டும். குதிரைக்குத் தீனி கொடுத்து, பிரஷ்ஷால் தேய்த்துவிட வேண்டும். மானை வேட்டையாடினால், அதன் தோலை உரிப்பதை முழுதாகக் காட்டுவார்கள். இந்த நிதானத்தைத்தான் விமர்சகர்கள் கொண்டாடினார்கள். மெதுவாக நகரும் என்பதையும் அவர்களே எழுதியிருக்கிறார்கள், பாராட்டிய விமர்சனத்திலேயே அது இருக்கிறது. என் மாப்பிள்ளை கால்பந்து கேம் ஆடுகிறவன். அவனுக்கு ஓர் ஆட்டம் பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடிய வேண்டும். அவர்கள் எதற்கு மார்க் போட்டார்களோ அதுவேதான் இவனைச் சலிக்கவைத்தது. இவன் எண்ணை மட்டும் படித்தான், அதற்கு மேலே இருந்த பத்திகளைப் படிக்கவில்லை.

சுருக்கமாக, 97 என்பது ‘எல்லோருக்கும் பிடிக்கும்’ என்ற உறுதிமொழி அல்ல. ‘இந்த வகைக்காரர்கள் ஏறத்தாழ ஒருமனதாக மெச்சினார்கள்’ என்ற தகவல்.

அரிசிம்பருப்பும் பள்ளிபாளையம் சிக்கனும்

சராசரி இன்னொன்றையும் மறைத்துவிடும். நான்கு பேர் 80, 80, 80, 80 போட்டால் சராசரி 80. நான்கு பேர் 100, 100, 60, 60 போட்டாலும் 80தான். முதலாவது நம் அரிசிம்பருப்புச் சோறு: யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள், யாரும் அதற்காக ஊர் விட்டு ஊர் போகவும் மாட்டார்கள். (போகிறவர்கள் இருந்தால் மன்னிக்கவும்.) இரண்டாவது பள்ளிபாளையம் சிக்கன்: வரமிளகாய்க் காரத்தில் பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னும் கொண்டுவரச் சொல்வார்கள், மீதிப் பேர் தண்ணீர்ச் சொம்பைத் தேடுவார்கள். எண்கள் இப்படி விலகி நிற்பதைப் பரவல் என்பார்கள். 80 என்ற ஒற்றை எண்ணில் பரவல் தெரியாது. கீழே இறங்கி, யார் யார் எவ்வளவு போட்டார்கள் என்று பார்த்தால் தெரியும். வாழ்நாள் முழுக்க நினைவில் நிற்கும் கேம்கள் பலவும் பரவல் அதிகமான கூட்டத்தில்தான் எனக்குக் கிடைத்திருக்கின்றன.

கம்ப்யூட்டர் கேம்களை இணையத்தில் விற்கும் ஸ்டீம் கடையில் காட்டும் சதவீதம் வேறு கணக்கு. அங்கே வாங்கியவர் பிடித்தது, பிடிக்கவில்லை என்று இரண்டில் ஒன்றைத்தான் சொல்ல முடியும். 95 சதவீதம் என்றால் நூறு பேரில் 95 பேர் கட்டைவிரலைத் தூக்கினார்கள், அவ்வளவுதான். எவ்வளவு பிடித்தது என்பது அதில் இல்லை. அரிசிம்பருப்புக்கு அங்கே 99 சதவீதம் வந்துவிடும். அதை மெட்டாஸ்கோர் 95 உடன் ஒப்பிடுவது படியையும் கிலோவையும் ஒப்பிடுவதுபோல.

மாதிரி மூட்டையும் வண்டியில் ஏறிய மூட்டையும்

விமர்சகர் எந்த மெஷினில், எந்த வாரத்தில் விளையாடினார் என்பதும் கேள்விதான். கேம் கடைக்கு வருவதற்கு முன்பே நிறுவனம் விமர்சகருக்குப் பிரதி அனுப்பும். இன்ன நாளுக்கு முன் வெளியிடக் கூடாது என்ற நிபந்தனையும் கூடவே வரும், அதற்கு எம்பார்கோ என்று பெயர். எம்பார்கோ இருப்பதாலேயே மோசடி என்று ஆகிவிடாது. எல்லோருக்கும் விளையாடி முடிக்க நேரம் கிடைக்கிறது என்பது அதில் உள்ள நன்மை.

கெடுதல் எப்படி வரும் என்பதற்கு ‘சைபர்பங்க் 2077’ பாடம். 2020 டிசம்பர் 10 அன்று வெளிவந்தது. அதற்கு முன் விமர்சகர்களுக்குக் கிடைத்தது கம்ப்யூட்டர் பிரதி மட்டும். நிறுவனம் கொடுத்த காட்சிகளைத்தான் காட்டலாம், தாங்கள் விளையாடிப் பதிவு செய்ததைக் காட்டக் கூடாது என்பதும் நிபந்தனை. புகழ்ந்து எழுதினார்கள். வாங்கியவர்களில் பலர் வைத்திருந்ததோ பழைய பிளேஸ்டேஷன் 4. அதில் கேம் திணறியது, உறைந்தது, நின்றே போனது. ஏறத்தாழ ஒரு வாரத்தில், பிளேஸ்டேஷனைச் செய்யும் சோனி தன் கடையிலிருந்தே அதை எடுத்துவிட்டது. கம்ப்யூட்டர் வடிவத்துக்கு 86, பிளேஸ்டேஷன் 4 வடிவத்துக்கு 57 என்று எண்கள் நின்றன. மாதிரிக்கு ஒடித்துக் காட்டிய மஞ்சள் ஒன்று, வண்டியில் ஏறிய மூட்டை வேறு. பிறகு பல ஆண்டுகள் உழைத்து அதைச் சீராக்கினார்கள், 2023இல் வந்த பெரிய புதுப்பிப்புக்குப் பிறகு விளையாடியவர்கள் அதே கேமா இது என்றார்கள். மெட்டாஸ்கோரில் அந்த 57 மட்டும் அப்படியே இருக்கிறது.

ஏனென்றால், ஒரு தளம் முதலில் போட்ட மதிப்பெண்ணைத்தான் மெட்டாகிரிட்டிக் கணக்கில் வைத்துக்கொள்ளும். 2012இல் ‘நேச்சுரல் செலக்‌ஷன் 2’ என்ற கேமுக்குக் கேம்ஸ்பாட் தளம் 60 போட்டது. விமர்சனத்தில் பிழைகள் இருந்ததால் அதை நீக்கிவிட்டு வேறொருவரை எழுதவைத்தது, அவர் 80 போட்டார். மெட்டாகிரிட்டிக்கில் 60 மாறவில்லை. மார்க்கைத் திருத்தச் சொல்லி நிறுவனங்கள் நெருக்காமல் இருக்க அந்தக் கட்டுப்பாடு வேண்டும் என்பது அவர்கள் வாதம். அதிலும் நியாயம் இருக்கிறது.

இந்த எண்ணில் வயிற்றுப்பாடும் இருக்கிறது. 2010இல் ‘ஃபால்அவுட்: நியூ வேகஸ்’ செய்த அப்சிடியன் நிறுவனத்துக்கு, மெட்டாஸ்கோர் 85 வந்தால் ஊக்கத்தொகை என்று பேச்சு. வந்தது 84. சற்று முன் நாம் கையால் போட்ட கணக்கில் ஆறு மார்க் எப்படி அசைந்தது என்பதை நினைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

விளையாடியவர்கள் போடும் எண்

விமர்சகர் எண்ணுக்குப் பக்கத்தில், பொதுமக்கள் போட்ட எண் ஒன்று பத்துக்கு இவ்வளவு என்று இருக்கும். நம் ஆள் சொல்வதுதான் உண்மை என்று அதை மட்டும் நம்புகிறவர்கள் உண்டு. 2020 ஜூனில் வந்த ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2’ விமர்சகர்களிடம் 93 வாங்கியது, பொதுமக்கள் எண் முதல் நாட்களில் பத்துக்கு நான்கைக்கூடத் தொடவில்லை. முடிக்க இருபது மணி நேரத்துக்கு மேல் ஆகும் கேமுக்கு, கடைக்கு வந்த சில மணி நேரத்தில் பூஜ்யங்கள் மழையாகக் கொட்டின. கதையின் போக்குப் பிடிக்காதவர்கள் கும்பலாக வந்து கீழே தள்ளியது அது, ரிவ்யூ பாம்பிங் என்று இதற்குப் பெயர். அதன்பின் மெட்டாகிரிட்டிக், கேம் வெளிவந்து 36 மணி நேரம் கழித்துத்தான் பொதுமக்கள் மார்க் போடலாம் என்று விதி மாற்றியது.

வாங்குவதற்கு முன்

மஞ்சள் போட்டவருக்கு ஐந்து சீட்டின் சராசரியைக் கொடுத்தால் ஒப்புக்கொள்வாரா? மாட்டார். அவருக்கு வேண்டியது ஒரே ஒரு சீட்டு, அவர் மஞ்சளின் அருமை தெரிந்தவர் எழுதியது. கேம் வாங்குகிறவர் நிலையும் அதுதான். உங்களுக்கு ஏற்கெனவே பிடித்த இரண்டு கேமை எடுத்து, அவற்றை மெச்சி எழுதியவர் யார் என்று பாருங்கள். உங்களைப் போலவே ரசிக்கிற ஒருவர் எங்காவது அகப்படுவார். அவர் எழுத்தை முழுதாகப் படியுங்கள். கூடவே, இருப்பதிலேயே குறைந்த மார்க் போட்டவர் எழுதியதையும் படியுங்கள். அவர் குறையாகச் சொல்வது உங்களுக்குக் குறையாகத் தெரியவில்லை என்றால் தாராளமாக வாங்கலாம். என் மாப்பிள்ளை அப்படி ஒன்றைப் படித்திருந்தால் ‘மெதுவாக நகர்கிறது’ என்ற வரியிலேயே நின்றிருப்பான்.

அவன் இப்போது மறுபடி கால்பந்துக்கே போய்விட்டான். ஆனால் அந்தக் கேம் வீணாகவில்லை. அவனுடைய அப்பாரு, அதாவது தாத்தா, ஆண்டு தவறாமல் ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் குதிரைச் சந்தைக்குப் போய்வருகிறவர், ஒருநாள் தற்செயலாக அவன் பின்னால் வந்து நின்றார். குதிரை சேற்றில் இறங்கி ஏறியதையும், உடம்பில் சேறு ஒட்டியதையும் பார்த்தார். நடை சரியாக இருக்கிறது என்றார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். இப்போது தினமும் சாயங்காலம் கட்டுத்தரை வேலை முடிந்ததும் வந்து உட்கார்ந்துவிடுகிறார். கதையில் யார் யாரைச் சுட்டார்கள் என்பது அவருக்கு வேண்டாம். “கண்ணு, அந்தக் குதிரையை இந்தப் பக்கம் திருப்பு. நெற்றியில் சுழி எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.”